அடுப்படியை விடுங்கள், சுடுதண்ணியைப் பாருங்கள்: கொங்கு நாட்டு அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாருக்கும் வணக்கமுங்க. பொதுக்குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்து, முடியப்போகும் நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டு இன்னும் ஒரு மணி நேரம் இழுத்துவிடும் அண்ணன்மார், அக்காமாருக்கும் தனியாக ஒரு வணக்கம். இந்த மடல் முக்கியமாக உங்களுக்குத்தான்.

இப்போது எந்தக் கட்டடத்தில் கூட்டம் போட்டாலும் எரிவாயுப் பேச்சு வராமல் இருப்பதில்லை. கொச்சியிலிருந்து வாளையார் வழியாக வரும் குழாய் எரிவாயுவைக் கட்டடத்துக்குள் எடுக்கலாமா என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். சிலிண்டரும் வேண்டாம், குழாயும் வேண்டாம், எல்லாத்தையும் கரண்டுக்கு மாத்திடலாம் என்று இன்னொரு பக்கம். இரண்டு கட்சியும் சண்டையை ஆரம்பிக்கும் இடம் அடுப்படி. இண்டக்சனில் தோசை முறுகுமா, கத்திரிக்காய் சுட முடியுமா என்பதிலேயே பொழுது போய்விடுகிறது. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுப்படியை இரண்டு வருஷம் அப்படியே விட்டுவிடுங்கள். குளிக்கிற சுடுதண்ணியை முதலில் எரிவாயுவிலிருந்து பிரித்தெடுங்கள். அதையும் வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் செய்யாமல், கட்டடம் முச்சூடும் சேர்ந்து செய்யுங்கள்.

ஆலை, ஆஸ்பத்திரி, கல்லூரி விடுதி என்று பாய்லரும் சுடுதண்ணியுமாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கம்பெனிக்கும் முகவர் இல்லை, எதையும் விற்கவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் கணக்குப் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஒரு கிலோவை எரித்தால் ஏறக்குறைய 12.7 யூனிட் (கரண்ட் மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான்) வெப்பம் கிடைக்கும். அப்படியானால் ஒரு சிலிண்டருக்குள் 180 யூனிட் இருக்கிறது. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட் 5 ரூபாய். இந்த 5 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் வேலைக்கு வரும்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் காலையில் தண்ணி வாத்துக்கொள்ள நூறு லிட்டர் சுடுதண்ணி போதும். மார்கழியில் தொட்டித் தண்ணி இருபது இருபத்திரண்டு டிகிரியில் வரும். உடம்புக்கு வேண்டியது நாற்பது, நாற்பத்திரண்டு. ஆக இருபது டிகிரி ஏற்ற வேண்டும். அதற்குக் கண்டிப்பாக வேண்டிய வெப்பம் 2.3 யூனிட். கேஸ் கீசரில் நூற்றுக்கு எண்பதுதான் தண்ணிக்குள் போகும் என்று வைத்தால் 0.23 கிலோ எரிவாயு செலவாகும், அதாவது பதினாலரை ரூபாய். வெறும் குளியலுக்கே ஒரு சிலிண்டர் இரண்டு மாதத்தில் காலி. சாதாரண கரண்ட் கீசர் என்றால் தொட்டி ஆறுவதையும் சேர்த்து இரண்டரை யூனிட் ஆகும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், "இங்கிலாந்திலேயே இதைச் செய்ய முடியாமல் திணறுகிறார்களே, நம்மால் ஆகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்கள் திணறுவது எதனால் என்று பார்த்தால், நமக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை என்பது தெரியும். பிரிட்டனில் நடுத்தரமான ஒரு வீடு வருஷத்துக்கு 11,500 யூனிட் எரிவாயு எரிக்கும் என்பது அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2023-ல் வைத்த கணக்கு. அதில் பெரும்பங்கு வீட்டையே சூடேற்றப் போகிறது. நம் வீட்டில் வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் வாங்கினாலும் 1,440 யூனிட்தான். எட்டில் ஒரு பங்கு.

அவர்களுடைய பாய்லர் தண்ணியை எழுபது டிகிரிக்கு மேல் காய வைத்து, சுவரோரம் மாட்டியிருக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். எரிவாயுவை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தரும் கரண்ட் எந்திரம், பின்னால் விளக்குகிறேன்) வைத்தால் அது நாற்பத்தைந்து, ஐம்பதில்தான் நன்றாக வேலை செய்யும். அந்த வெதுவெதுப்பில் வீடு சூடாக வேண்டுமானால் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும், சுவருக்கும் கூரைக்கும் பஞ்சு அடைக்க வேண்டும், சன்னலை மாற்ற வேண்டும். இன்னொரு கூத்து, ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு சுடுதண்ணித் தொட்டி இருந்தது. கேட்டவுடன் சுடவைத்துத் தரும் கேஸ் பாய்லர் வந்ததும் தொட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த மூலையில் அலமாரி அடித்துக்கொண்டார்கள். இப்போது ஹீட் பம்புக்குத் தொட்டி வேண்டும், வைக்க இடமில்லை. அரசாங்கம் 2023 அக்டோபரிலிருந்து வீட்டுக்கு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. அப்படியும் தயங்குகிறார்கள். காரணம் விலை. அங்கே கரண்ட் யூனிட் எரிவாயு யூனிட்டைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு விலை. நெதர்லாந்துக்காரர்கள் வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். குரோனிங்கன் வயலில் எரிவாயு எடுத்து எடுத்து நிலம் அதிர ஆரம்பித்து, வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விட்டது. 2018 ஜூலை முதல் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு எரிவாயு இணைப்பே இல்லை என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த வயலையும் 2024-ல் சட்டம் போட்டு மூடிவிட்டார்கள்.

நமக்கு வீட்டைச் சூடாக்கும் வேலை இல்லை. நமக்கு வேண்டிய நாற்பது டிகிரி ஹீட் பம்புக்கு மிகச் சுலபமான வேலை. கரண்டும் நாலு மடங்கு விலை இல்லை. சிலிண்டரில் யூனிட் 5 ரூபாய், கரண்ட் நீங்கள் நிற்கும் கட்டணப் படியைப் பொறுத்து அதற்குக் கீழேயோ மேலேயோ இருக்கிறது. அவர்களுக்கு மலையாக இருப்பது நமக்கு மேடுதான்.

ஹீட் பம்ப் என்பதை ஒரு வரியில் சொல்கிறேன். ஏசி எந்திரம் வீட்டுச் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறதல்லவா, இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணிக்குள் தள்ளுகிறது. கிணற்று மோட்டார் தண்ணியை உண்டாக்குவதில்லை, கீழே கிடப்பதை மேலே ஏற்றித்தான் விடுகிறது, இதுவும் அப்படியே. அதனால்தான் ஒரு யூனிட் கரண்டைக் கொடுத்தால் மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. வெளிக்காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது. மார்கழி விடியற்காலையில்கூட கோவையில் பதினெட்டு டிகிரி இருக்கும். லண்டன்காரனுக்கு அது கோடைகாலம். நடுப்பகலில் ஓட்டினால் மூன்றுக்கு மேலும் கிடைக்கும். ஒரு வேடிக்கையும் உண்டு. புதிய எந்திரங்கள் பலவற்றில் உள்ளே சுற்றி வரும் வாயு புரோப்பேன். நம் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கும் அதே புரோப்பேன்தான். அதை எரிக்காமல் சுற்றிச் சுற்றி ஓட விட்டே வேலை வாங்குகிறார்கள்.

இனி உங்கள் கட்டடத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருக்கும் வீடுகளைக் கணக்கெடுங்கள். அந்தச் சின்ன அறையின் காற்றை வைத்துத்தான் அது எரிகிறது. குளிருக்காக வெண்டிலேட்டரை அடைத்துவிட்டால் காற்று குறையும், எரிவது அரைகுறையாகும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நாற்றம் எரியாத எரிவாயுவில் கலந்தது; எரிந்து வரும் நஞ்சில் அது இருக்காது. உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றும், கால் துவளும், கதவோ உள்தாழ்ப்பாள். மற்ற எல்லாவற்றுக்கும் ஒப்பந்தப்புள்ளி, மூன்று கொட்டேசன் என்று ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் அடுத்த வாரமே தீர்மானம் போட்டு வெளியே பால்கனிக்கோ யுடிலிட்டிக்கோ மாற்றச் சொல்லுங்கள். "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். வரட்டும்.

சரி, கேஸ் கீசரை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு கரண்ட் கீசர் மாட்டிவிட்டால் போதாதா? செலவு குறைவு, சங்கத்துக்கும் தலைவலி இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும். முதல் இடம் உங்கள் மீட்டர். நூறு லிட்டருக்கு இரண்டரை யூனிட் என்றால் இரண்டு மாதப் பில்லில் 150 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீடு 550-க்குப் போய்விடும். நம் ஊர்க் கட்டண முறையில் 500 என்பது ஒரு பள்ளம். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் என்பது ஒன்று. கீழே 101 முதல் 200 வரைக்கும் இருந்த சலுகை விலையும் கூடவே போய்விடும். 2016 மே மாதத்திலிருந்து வரும் முதல் 100 யூனிட் இலவசம் மட்டும் கையில் நிற்கும். சிலிண்டரில் பதினாலரை ரூபாயில் முடிந்த குளியல் இப்போது இருபது ரூபாய்க்கு மேலே. இதை அனுபவித்த குடும்பம் மறுபடியும் சிலிண்டரைத் தேடிப் போகத்தான் செய்யும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது இடம் கட்டடத்தின் கேபிள். முப்பது வீடு, வீட்டுக்கு இரண்டு குளியலறை, கீசர் ஒவ்வொன்றும் 2 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் பள்ளிக்கூட வேன், ஆபீஸ் பஸ் எல்லாம் வந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதி கீசர் ஓடினாலே 60 கிலோவாட். கூடவே மிக்சி, கிரைண்டர், தண்ணி மோட்டார், லிஃப்ட். பழைய கட்டடங்களில் கீசர் பாயிண்டுக்கு மெல்லிய ஒயரை இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். 2 கிலோவாட்டுக்கு மேல் போகும் இடத்தில் நாலு ஸ்கொயர் எம்எம் ஒயரும் தனி எம்சிபியும் (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துத் திறந்து பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். லோடு கூட்ட வேண்டுமானால் மின்வாரியத்தில் விண்ணப்பம், வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம் என்று தனிக் கதை. மாலையில் காற்றாலையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வாரியம் திண்டாடுவது ஒரு பக்கம் என்றால், மார்கழி விடியற்காலை இன்னொரு திண்டாட்டம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடத்திலும் உடுமலையிலும் ஆடி மாதம் காற்றாடியைச் சுற்றோ சுற்று என்று சுற்றும். நாம் சுடுதண்ணி கேட்கும் மாதத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் சேர்ந்து செய்யுங்கள் என்கிறேன். முப்பது வீட்டுக்கு மூவாயிரம் லிட்டர். குழாயில் ஆறிப்போவதற்கு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தாலும், ஹீட் பம்புக்கு ஒரு நாளைக்கு 35 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பகலில் எட்டு மணி நேரம் ஓட்டினால் அது இழுப்பது நாலரை கிலோவாட் கூட இல்லை. அறுபதுக்கு நாலரை. நல்ல பஞ்சு கட்டிய தொட்டியில் மாலைக்குள் ஏற்றி வைத்துவிட்டால் காலை வரைக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். மாதாந்திர ஷட்டவுனுக்கும் பயமில்லை, தண்ணி முந்தின நாளே காய்ந்து தயாராக இருக்கும்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். பொது மீட்டரில் ஓடும் கரண்டுக்கு வீட்டுக் கட்டணம் கிடையாது. லிஃப்ட், மோட்டார், வராண்டா விளக்குக்கென்று தனிக் கட்டணம், யூனிட் 8 ரூபாய்க்கு மேல். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 2023 அக்டோபரில் அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைப்பதாக முதல்வர் அறிவித்தார். முப்பது வீட்டுக் கட்டடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எட்டரை ரூபாய் வைத்தே பார்ப்போம். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய். சிலிண்டரில் பதினாலரை. மிச்சம் நாலரை ரூபாய். பங்குனி, சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணியே கையைச் சுடும், அந்த நாட்களைக் கழித்து வருஷத்துக்கு 300 நாள் என்று கொண்டால் முப்பது வீட்டுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் மிச்சம். இதை மட்டும் நம்பி எந்திரத்தின் விலையைப் பொருளாளரிடம் சொன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

கணக்கு மாறுவது மொட்டைமாடியில். ஹீட் பம்ப் பகலில் ஓடுகிறது, வெயிலும் பகலில்தான் அடிக்கிறது. ஒரு கிலோவாட் சோலார் பலகை நம் பக்கத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 35 யூனிட்டுக்கு 9 கிலோவாட் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்பது எல்லாருக்கும் தெரியும். குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அதே திட்டத்தில் இருக்கிறது என்பது பல செயலாளர்களுக்குத் தெரியவில்லை. 9 கிலோவாட்டுக்கு 1,62,000 ரூபாய். வெயில் மாதங்களில் சுடுதண்ணி வேண்டாதபோது அதே பலகை லிஃப்டையும் மோட்டாரையும் ஓட்டிக்கொள்ளும்.

"ஹீட் பம்ப் எதற்கு, நேராக சோலார் வாட்டர் ஹீட்டரே போடலாமே?" என்பீர்கள். தனி வீட்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு அதுகூட வேண்டாம். பின்பக்கப் பொடக்காளியில் தண்ணியடுப்பு இருக்கிறது, தென்னமட்டையும் பன்னாடையும் கிடக்கிறது, புகைபோக்கி மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் போதும். ஐந்து மாடிக் கட்டடத்தில் சோலார் ஹீட்டருக்குத் தடை ஐப்பசி, கார்த்திகை மழை. நாலு நாள் மூட்டம் போட்டால் உள்ளே இருக்கும் கரண்ட் காயிலைத்தான் போட வேண்டும். அது பழைய இரண்டரை யூனிட் கதை. ஹீட் பம்ப் மழையிலும் ஓடும். ஏற்கெனவே சோலார் ஹீட்டர் இருக்கும் கட்டடங்கள் அதைக் கழற்ற வேண்டாம், ஹீட் பம்பை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்தாலும் கெடுப்பது இரண்டு. ஒன்று குழாய், இன்னொன்று தண்ணி. மொட்டைமாடியிலிருந்து தரைத்தளத்து வீட்டுக்கு முப்பது மீட்டர் முக்கால் இஞ்சு குழாய் என்றால் அதற்குள் எட்டு லிட்டர் நிற்கிறது. காலையில் திருகினால் முதலில் வருவது அந்த எட்டு லிட்டர் பச்சைத்தண்ணிதான். தரைத்தளத்துக்காரர் ஒரு வாளி பிடித்துக் கீழே ஊற்றிவிட்டு, "நான் ஏன் சந்தா கட்டணும்?" என்று கூட்டத்தில் கேட்பார். கேட்க வேண்டியதுதான். திரும்பு குழாய் போட்டு, விடியற்காலை ஐந்திலிருந்து எட்டரை வரைக்கும் மட்டும் சின்ன பம்பு வைத்துத் தண்ணியைச் சுற்றில் விட வேண்டும். நாள் முழுக்கச் சுற்ற விட்டால் நான் சொன்ன மூன்றில் ஒரு பங்கு இழப்பு இரண்டில் ஒரு பங்காகக் கூடிவிடும். சுடுதண்ணிக்கு சிபிவிசி குழாய், அதன் மேல் பஞ்சு உறை. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சாதாரணப் பிவிசியைப் போட்டால் வளைந்து, தொங்கி, ஒரு நாள் பொத்துக்கொள்ளும்.

தண்ணி விசயம் இன்னும் பொல்லாதது. சிறுவாணித் தண்ணி வரும் வீட்டில் சுடுதண்ணி எந்திரம் வருஷக்கணக்காக உழைக்கும். ஆயிரம் அடி போர் போட்டு உப்புத்தண்ணி ஏற்றும் கட்டடத்தில் அதே எந்திரம் சீக்கு வந்ததுபோல ஆகிவிடும். தண்ணி அறுபது டிகிரியைத் தாண்டும்போது சுண்ணாம்பு வேகமாகப் படியும். ஐம்பது, ஐம்பத்தைந்தில் வைத்தால் படிவது குறையும். ஆனால் வெதுவெதுப்பாகவே நாட்கணக்கில் நிற்கும் பெரிய தொட்டியில் லெஜியனெல்லா என்ற கிருமி வளரும், அது நுரையீரலைப் பிடிக்கும். ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று கையேடே வைத்திருப்போம். தினமும் ஐம்பத்தைந்து, வாரத்துக்கு ஒரு நாள் அறுபதுக்கு மேல் ஏற்றி இறக்கு என்பது நான் கடைப்பிடித்த வழி. போர் தண்ணியை நேராக எந்திரத்துக்குள் விடாமல், நடுவில் வெப்பமாற்றி (இரண்டு தண்ணியும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் கருவி) வைத்து, உள்சுற்றில் நல்ல தண்ணியை அடைத்துவிடுவது இன்னும் நல்லது. கொட்டேசன் கொண்டுவருபவரிடம் முதலில் உங்கள் தண்ணிப் பரிசோதனைச் சீட்டைக் கொடுங்கள். அதைப் பார்க்காமலே விலை சொல்லுபவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தொட்டியின் அளவை நிர்ணயிக்கும் நாள் எது தெரியுமா? சாதாரணச் செவ்வாய்க்கிழமை அல்ல, தீபாவளி. விடியற்காலை நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் கட்டடமே எண்ணெய் தேய்த்துக் குளிக்கும். எண்ணெய் போக வேண்டுமானால் ஒன்றுக்கு இரண்டு வாளி, தலைதீபாவளி வீட்டில் ஒறம்பரை வேறு நிறைந்திருப்பார்கள். அன்றைக்கு மூவாயிரம் லிட்டர் பத்தாது. அதற்காக ஆறாயிரம் லிட்டர் தொட்டி வாங்காதீர்கள். முந்தின நாள் மாலை அறுபத்தைந்துக்கு ஏற்றிவிட்டால், பச்சைத்தண்ணி கலந்து விளாவும்போது அதே மூவாயிரம் ஆறாயிரமாகக் கணக்குக் காட்டும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் பச்சைத்தண்ணியில் குளிப்பதால் அந்த மாதம் கொஞ்சம் ஈடுகட்டிவிடும்.

பழுது பார்ப்பவர் விசயத்தில் மட்டும் எனக்கு இன்னும் மனக்குறை இருக்கிறது. ஹீட் பம்ப் பாதி ஏசி, பாதி பிளம்பிங். ஏசிக்காரர் வந்தால் தண்ணிக் குழாயைத் தொட மாட்டார், பிளம்பர் வந்தால் கம்ப்ரசரைத் தொட மாட்டார். மார்கழியில் எந்திரம் நின்றால் இருவரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள், செயலாளர் போனை அணைத்துவிடுவார். 1937-லேயே மோட்டார் செய்த ஊர் இது. நாடு முழுக்கப் பம்பும் கிரைண்டரும் அனுப்புகிற ஊரில் இந்த ஒரு வேலைக்கு ஆள் தேடுவது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். சங்கங்கள் தனித்தனியாக ஒப்பந்தம் போடாமல் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள் ஐந்தாறு சேர்ந்து ஒரே பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால், அந்த ஆளுக்கும் நிரந்தர வேலை, உங்களுக்கும் கூப்பிட்டால் வருவார்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அறையைச் சூடாக்கும் தேவை உண்மையாகவே இருக்கிறது. உறைபனி விழும் ராத்திரியில் மூடிய அறைக்குள் கேஸ் ஹீட்டர் வைப்பது, மேலே சொன்ன அதே கார்பன் மோனாக்சைடு ஆபத்து. கரண்ட் புளோயர் என்றால் 2 கிலோவாட்டை அப்படியே குடிக்கும். சூடு, குளிர் இரண்டும் தரும் ஏசி வாங்கினால் அதே கரண்டில் இரண்டு மூன்று மடங்கு சூடு கிடைக்கும். கடுங்குளிரில் வெளி யூனிட்டில் பனி பிடித்து நடுநடுவே சில நிமிடம் நிற்கும், பயப்பட வேண்டாம். எதை வாங்குவதற்கும் முன்னால் சன்னல் இடுக்கையும் கூரை ஓட்டை உடைசலையும் அடையுங்கள்.

அடுப்படியை ஏன் விடச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்சனில் செய்ய ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். 900 ரூபாயை 140-ஆல் வகுத்தால் ஆறேகால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். உங்கள் மீட்டர் அதற்குக் கீழே உள்ள படியில் நின்றால் இண்டக்சன் லாபம், 500-ஐத் தாண்டிய வீட்டில் நட்டம். இது வீட்டுக்கு வீடு வேறு, சங்கம் தீர்மானிக்க ஒன்றுமில்லை. அரிசிம்பருப்புச் சோறு குக்கரில் இண்டக்சனிலும் அருமையாக வரும். நடுவில் குழிந்த பழைய தோசைக்கல் அதில் வேலைக்கு ஆகாது, அலுமினியப் போசியைக் கண்டாலே அது கண்ணை மூடிக்கொள்ளும். வேண்டியவர்கள் ஒரு இண்டக்சன் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பழகட்டும். குளியலை எடுத்துவிட்டாலே பல வீடுகளில் சிலிண்டர் செலவு பாதிக்கு வந்துவிடும். நாட்டுக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வளைகுடாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பாதியே பெரிய விசயம்.

குழாய் எரிவாயுவைப் பற்றி என் கருத்து கேட்டால், குளியலுக்காக அதை எடுக்காதீர்கள். அதுவும் பெரும்பாலும் கப்பலில் கொச்சிக்கு வந்து இறங்கும் வாயுதான். இந்தக் குழாய்களின் வரலாறு நமக்குப் புதிதும் அல்ல. கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் விளைநிலத்தில் எரிவாயு நிறுவனமான கெயில் குழாய் பதிக்க வந்தபோது நம் விவசாயிகள் எப்படி நின்றார்கள் என்பது தெரியும். 2013-ல் மாநில அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது; 2016-ல் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. கரண்ட் மட்டும் பாவமில்லாமல் வருகிறது என்று சொல்ல மாட்டேன். ராய்கரிலிருந்து புகளூர் வரும் உயரழுத்தக் கோபுரங்களுக்கும் இதே விவசாயிகள்தான் காட்டுக்குள் உட்கார்ந்து போராடினார்கள். மொட்டைமாடியில் எடுத்து அங்கேயே தீர்க்கும் யூனிட்டுக்கு யாருடைய காட்டிலும் குழி தோண்ட வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுவின் பொருள்நிரலில் மூன்று விசயத்தைச் சேர்க்கும்படி செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கக் கூடாது என்ற தீர்மானம். தண்ணிப் பரிசோதனைக்கும் மாடி அளவெடுப்புக்கும் ஒரு சின்னத் தொகை. சம்மதிக்கிற ஒரே ஒரு பிளாக்கில் முன்னோட்டம். முன்னோட்டத்தில் ஹீட் பம்புக்குத் தனி மீட்டரும், சுடுதண்ணிக் குழாயில் வீட்டுக்கு ஒரு தண்ணி மீட்டரும் கட்டாயம் வையுங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர், அடுத்த வீட்டில் ஏழு பேர் என்று இருக்கும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று வசூலித்தால் ஆறு மாதத்தில் திட்டம் கவிழ்ந்துவிடும். மாதம் ஒருமுறை யூனிட் கணக்கை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டுங்கள், பொருளாளர் கையெழுத்தோடு.

இந்த மடலின் பிரதி ஒன்றை மின் பகிர்மானக் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பகலில் மட்டும் ஓடும் பொதுச் சுடுதண்ணி எந்திரத்துக்கு, பெரிய கட்டடம் சின்னக் கட்டடம் பார்க்காமல், அந்த 5 ரூபாய் 50 காசைக் கொடுங்கள். விடியற்காலை உச்சநேரத்தில் அறுபது கிலோவாட்டைக் குறைத்துத் தருகிற கட்டடத்துக்கு அது சலுகை ஆகாது, கூலி.

ஐப்பசிக்குள் ஏதாவது ஒரு பிளாக்கில் தொட்டி ஏறிவிட்டால் சொல்லி அனுப்புங்கள். தீபாவளிக்கு முந்தின மாலை நானே வந்து வெப்பநிலையை வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்